அப்பம்மாவுக்கென்று ஒரு வேலை: மாமி தானாக முன்வராத வீட்டில் செய்யக்கூடியவை

பின்னேரம் ஆறு மணி. காலி வீதி நெரிசலைத் தாண்டி வந்து மருமகள் கதவைத் திறக்கிறாள். பிள்ளை சிணுங்கிக்கொண்டு நிற்கிறது. கதிரையில் இருந்தபடியே மாமி சொல்கிறார்: "பிள்ளைக்குப் பசிக்குது போல கிடக்கு." பசி என்று விளங்கியவருக்கு, மேசையில் கிடக்கிற வாழைப்பழத்தை உரித்துக் கொடுக்கத் தோன்றவில்லையே என்று அந்த நேரம் நெஞ்சு எரியும். அந்த எரிச்சலில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதைக் காட்டி எந்த மாமியும் கதிரையை விட்டு எழும்பியதில்லை.

கொழும்புப் பக்கம் வெள்ளவத்தை, தெஹிவளை, கொட்டாஞ்சேனை மாடி வீடுகளில் இது அடிக்கடி கேட்கிற குறை. அப்பம்மா கூடவே இருக்கிறார், அல்லது ஊரிலிருந்து வந்து மாதக்கணக்கில் தங்குகிறார். பிள்ளையில் பாசமும் உண்டு. ஆனால் கேட்காமல் ஒன்றும் நடக்காது. கீழே சொல்பவை ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை உள்ள வீடுகளுக்கானவை.

முதலில் காரணத்தைப் பிடியுங்கள்

யாழ்ப்பாணத்து வழக்கத்தில் தலைப்பிள்ளைப் பேறு பெண்ணின் தாய் வீட்டில்தான். சீதனமாகக் கொடுத்த வீடும் பெண்ணினுடையது. பிள்ளையைக் குளிப்பாட்டி, வேது பிடித்து, பத்தியச் சாப்பாடு கொடுத்து எல்லாம் செய்கிறவர் அம்மம்மா. அப்பம்மா 31ஆம் நாள் துடக்குக் கழிவுக்குப் பிள்ளைக்கு ஏதாவது நகையோடு வருவார், மடியில் வைத்துப் பார்ப்பார், சாப்பிட்டுவிட்டுப் போவார். அவர் ஏன் ஒன்றும் செய்யவில்லை என்று யாரும் கேட்கமாட்டார்கள். அடுத்த வீட்டுக் குசினிக்குள் நுழைந்து கிண்டாமல் இருப்பதுதான் அங்கே மரியாதை. அப்படிப் பழகியவர் கொழும்பில் மகனுடைய மாடி வீட்டில் வந்து இருக்கும்போதும் அது மருமகளின் குசினி என்றுதான் நினைப்பார். பிரிட்ஜைக் கூடக் கேட்காமல் திறக்கமாட்டார். நீங்கள் அக்கறையின்மை என்று காண்கிற இடத்தில் அவர் நாகரிகம் என்று நினைத்து இருந்துகொண்டிருக்கிறார்.

இரண்டாவது காரணத்தை நாமே உண்டாக்கியிருப்போம். பிள்ளை பிறந்த புதிதில் "மாமி, அப்படித் தூக்கக்கூடாது", "அந்தத் துவாய் இல்லை, மற்றது" என்று மூன்று நான்கு தரம் சொல்லியிருப்போம். சொன்னது சரியாகவே இருக்கலாம். ஆனால் அதற்குப் பிறகு அவர் கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிட்டார்.

மூன்றாவது உடம்பு. முழங்கால் நோ, கண் மங்கல், காது மந்தம், சீனி வருத்தம். ஒரு வயதுப் பிள்ளை 9, 10 கிலோ இருக்கும். நிலத்திலிருந்து அந்தப் பாரத்தைத் தூக்க ஏலாது என்று மருமகளிடம் சொல்ல எல்லாருக்கும் மனம் வராது. சொல்லாமல் விலகி இருப்பார்கள். தாழ்ந்த சோபாவிலிருந்து அவர் எழும்புவதை ஒருமுறை கவனியுங்கள். இரண்டு கையையும் ஊன்றித்தான் எழும்புகிறார் என்றால் உங்களுக்குப் பாதி விடை கிடைத்துவிட்டது.

நான்காவது கொழும்பு. சிங்களம் தெரியாது, லிப்ட் நின்றுவிடுமோ என்ற பயம், கீழே காவலாளி என்ன கேட்பாரோ என்ற கூச்சம். தனியாகப் பிள்ளையோடு இருக்கும்போது ஏதாவது நடந்தால் யாரிடம் ஓடுவது என்பது அவருக்குத் தெரியாது. ஊரில் என்றால் வேலிக்கு அந்தப் பக்கம் கூப்பிட்டால் நாலு பேர் வருவார்கள்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். இன்று அறுபது அறுபத்தைந்து வயதில் இருக்கும் வடக்குப் பெண்கள் பலர், 1995 ஒக்டோபர் இடப்பெயர்வின்போது இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகப் பிள்ளைகளைக் கொண்டு நடந்தவர்கள். பிள்ளை வளர்ப்பு என்றால் அவர்களுக்குப் பயமும் பசியும் சேர்ந்த நினைவு. பேரப்பிள்ளை விழுந்துவிடும் என்ற பயத்தில் தொடாமலே இருக்கிற அப்பம்மாக்கள் இருக்கிறார்கள்.

ஏழு நாள் கடதாசி

எந்தக் காரணம் என்று ஊகிக்காமல் கண்டுபிடிக்க ஒரு கிழமை எடுங்கள். ஒரு கொப்பித் தாளில் மூன்று கோடு: நேரம், யார் கவனித்தது, யார் செய்தது. பிள்ளைக்குப் பசி, பம்பர்ஸ் நனைவு, நித்திரைக் குணம், அழுகை என்று நான்கு விடயத்தை மட்டும் எழுதுங்கள். தாளை மாமியின் கண்ணில் படவைக்காதீர்கள். கணக்கெடுக்கிறார்கள் என்று தெரிந்தால் அந்தக் கிழமையே கெட்டுவிடும். வேலை நாட்களில் நீங்கள் வீட்டில் இல்லாத நேரத்தை விட்டுவிட்டு, கண்ணால் கண்டதை மட்டும் குறியுங்கள்.

கிழமை முடிவில் "யார் கவனித்தது" என்ற கோட்டில் மாமி பல இடத்தில் வந்து, "யார் செய்தது" என்பதில் வராவிட்டால், அவருக்குக் கவனம் இருக்கிறது, உரிமைதான் இல்லை. அதைத் தீர்க்கலாம், பெரும்பாலான வீடுகள் இந்த வகைதான். கவனிப்பிலும் அவர் வராவிட்டால் கண்ணையும் காதையும் முதலில் பரிசோதியுங்கள். அத்தோடு இரண்டு கிழமைக்கு மேலாகச் சாப்பாடு குறைந்து, நித்திரை குழம்பி, ஒன்றிலும் மனம் போகாமல் இருந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். மாமா தவறிய பிறகு ஊர் வீட்டைப் பூட்டிவிட்டு வந்தவர்களில் இதை லேசாக எண்ணக்கூடாது. வைத்தியரிடம் கூட்டிப்போங்கள். பேரப்பிள்ளையை அவர் பார்ப்பதா இல்லையா என்பது பிறகு.

ஒரு வேலை, முழுசாக

"மாமி, கொஞ்சம் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளுங்கோ." இந்த ஒரு வசனம்தான் அதிக வீடுகளில் பிழையாகிப்போகிறது. பார்த்துக்கொள்வது என்றால் என்ன? எப்போது தொடங்கி எப்போது முடிகிறது? பசித்தால் கொடுக்கலாமா, எதைக் கொடுக்கலாம்? ஒன்றும் தெரியாதவர் சொன்னதைச் சொன்னபடி செய்வார்: பிள்ளையைப் பார்த்துக்கொண்டு இருப்பார்.

ஆகவே ஒரேயொரு வேலையைத் தெரியுங்கள். அது ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் வரவேண்டும். 20 முதல் 40 நிமிடத்துக்குள் முடியவேண்டும். பிழைத்தாலும் பிள்ளைக்கு ஆபத்து இல்லாததாக இருக்கவேண்டும். தொடக்கம் முதல் முடிவு வரை அவர் ஒருவரே செய்யக்கூடியதாக இருக்கவேண்டும். சட்டையை நீங்கள் எடுத்துவைத்து, தண்ணியை நீங்கள் அளந்து, அவர் துவாயை மட்டும் பிடிப்பது வேலை இல்லை, எடுபிடி. எடுபிடிக்கு யாருக்கும் தானாக மனம் வராது.

நேர்சரி வானிலிருந்து பிள்ளையைக் கீழே போய்க் கூட்டிவருவது நல்ல வேலை, லிப்டில் பயம் இல்லாதவருக்கு. இரவு நித்திரைக்கு முதல் கதை சொல்வது முழங்கால் நோ உள்ளவருக்கு நல்லது. வெள்ளிக்கிழமைப் பின்னேரம் கோயில் மூன்றாவது: வெள்ளவத்தையில் மயூரபதி அம்மன், பம்பலப்பிட்டியில் கதிரேசன், கொட்டாஞ்சேனையில் பொன்னம்பலவாணேஸ்வரர். கோயிலுக்குள் அவருக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை; திருநீறு பூசுவதிலிருந்து தேவாரம் வரை அவர்தான் ஆசிரியர். போய்வர ஓட்டோவை மகன் வேலைத்தலத்திலிருந்தே பதிந்துவிடலாம். வீட்டு விலாசத்தைச் சிங்களத்திலும் எழுதிய ஒரு மட்டையை அவருடைய பணப்பைக்குள் வைத்துவிடுங்கள்.

கடற்கரை நடையை முதல் வேலையாகக் கொடுக்காதீர்கள். வெள்ளவத்தையில் மரைன் ட்ரைவுக்கும் கடலுக்கும் நடுவே ரயில் பாதை ஓடுகிறது. ஓடித்திரிகிற இரண்டு வயதுப் பிள்ளையோடு முழங்கால் நோ உள்ள ஒருவர் அதைக் கடக்கக்கூடாது.

எல்லாவற்றிலும் லேசாகத் தொடங்கக்கூடியது நாலு மணிச் சாப்பாடு. அதை விரிவாகச் சொல்கிறோம்.

நாலு மணிச் சாப்பாடு

ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு, இரண்டு பெரிய சாப்பாட்டுக்கு இடையில் சிறிதாக ஒன்று. அரைவாசி வாழைப்பழம், அல்லது அரைக் கோப்பை அளவு வேறெதுவும். ஏழு நாளுக்கும் என்ன என்று மாமியே தீர்மானிக்கட்டும். அவித்த வற்றாளங்கிழங்கு, பப்பாசி, அவித்த முட்டை, தயிர், ஒரு இடியப்பமும் சொதியும், சமபோஷ (தானிய மா) உருண்டை. எதைச் சொன்னாலும் மகன் வாங்கிவரவேண்டும். அவர் கேட்ட கிழங்கை வாங்காமல், அதற்குப் பதில் நீங்கள் நல்லது என்று நினைக்கிற பிஸ்கட்டைக் கொண்டுவந்து வைத்தால் அன்றைக்கே அது உங்கள் வேலையாகிவிடும்.

குசினியில் இடுப்பு உயரத்தில் ஒரு தட்டை முழுதாக வெறுமையாக்குங்கள். அதில் பிள்ளையின் கிண்ணம், சின்னக் கரண்டி, கழுத்துத் துணி, இரண்டு துவாய், கிழங்கு மசிக்க ஒரு முள்ளுக்கரண்டி. மேல்தட்டில் வைத்தால் கதிரை போட்டு ஏறப் பார்ப்பார். அடியில் வைத்தால் குனிய ஏலாமல் விட்டுவிடுவார். பிரிட்ஜிலும் ஒரு தட்டு அவருக்கு. பிறகு இந்த வசனத்தைச் சொல்லவேண்டும், மனதில் நினைத்தால் போதாது: "மாமி, இந்தத் தட்டில இருக்கிறது எல்லாம் உங்கட. பிரிட்ஜைத் திறக்க என்னைக் கேக்கவேண்டாம்."

இருக்கை சோபா இல்லை, சாப்பாட்டு மேசைக் கதிரை. இருக்கும்போது முழங்கால் இடுப்பைவிட உயரக்கூடாது. உயர்ந்தால் எழும்பும்போது நோகும், இரண்டாம் நாள் வரமாட்டார். பிள்ளை உயரக் கதிரையில், வார் பூட்டி. தூக்கி இருத்தும் வேலையை மட்டும் நீங்கள் இருக்கும் நாட்களில் நீங்கள் செய்யுங்கள். நீங்கள் வீட்டில் இல்லாத நாட்களில் பிள்ளை பாயில் இருக்கட்டும், மாமி பக்கத்தில் அதே கதிரையில். நடக்கிற பிள்ளை என்றால் தானே வந்து பாயில் இருக்கும்.

நேரம் அரை மணித்தியாலம். அதற்குள் சாப்பிட்டது போதும். கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு பிள்ளைக்குப் பின்னால் திரியவேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். மாமியின் முழங்காலைக் காரணமாகச் சொல்லுங்கள், அதுவும் உண்மைதானே. தொலைக்காட்சியைப் போட்டு ஊட்டுவதும் வேண்டாம். இரண்டு வயதுக்குக் கீழே திரை வேண்டாம், அதற்கு மேலே ஐந்து வயதுக்குள் ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டல். ஆனால் நாலு மணிக்கு மாமியின் நாடகம் போகிறது என்றால் உங்கள் நேரத்தை நாலரைக்கு மாற்றுங்கள். அவருக்கு நாள் முழுக்க உள்ள ஒரே மகிழ்ச்சியோடு போட்டிக்கு உங்கள் வேலையை நிறுத்தாதீர்கள்.

வேலையால் வந்ததும் "எவ்வளவு சாப்பிட்டான்?" என்று கேட்காதீர்கள். அது பரீட்சைக் கேள்வி. பிள்ளை அன்று துப்பியிருந்தால் அவர் என்ன சொல்வார்? "இண்டைக்கு என்ன கதைச்சவன்?" என்று கேளுங்கள். சாப்பிட்ட அளவும் அந்தப் பதிலிலேயே வரும்.

சனி, ஞாயிறும் அந்த நேரம் மாமியினுடையதுதான். இதில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். கிழமை முழுக்கப் பிள்ளையைக் காணாத தாய் சனிக்கிழமை நாலு மணிக்குக் கிண்ணத்தைத் தான் எடுத்துவிடுகிறாள். திங்கட்கிழமை மாமி மறுபடி கதிரையில். அந்த அரை மணித்தியாலம் தாய் வேறு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கவேண்டும். தாயைக் கண்ட பிள்ளை அப்பம்மாவிடம் வாய் திறக்காது.

யார் சொல்வது, எப்படிச் சொல்வது

மகன்தான் சொல்லவேண்டும். மருமகள் கேட்டால் அது வேலை வாங்குவது. மகன் கேட்டால் பொறுப்பு. பல வீடுகளில் மாமியில் வருகிற கோபத்தில் பாதி உண்மையில் கணவனுக்குச் சேரவேண்டியது. தன் தாயோடு கதைக்கவேண்டிய கதையை அவர் மனைவியிடம் விட்டுவிட்டு இருக்கிறார். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் கணவரிடம் காட்டுவதென்றால் இந்தப் பந்தியைக் காட்டுங்கள்.

மகன் சொல்லவேண்டியது ஏறக்குறைய இப்படி: "அம்மா, திங்கட்கிழமையில இருந்து பின்னேரச் சாப்பாடு நீங்கள்தான் குடுக்கவேணும். எங்களுக்கு அந்த நேரம் ஏலாமல் கிடக்கு. என்ன குடுக்கிறது எண்டு நீங்களே சொல்லுங்கோ, நான் வாங்கி வாறன்." இதில் பொய்ப் புகழ்ச்சி இல்லை என்பதைக் கவனியுங்கள். "நீங்கள் குடுத்தால்தான் அவன் சாப்பிடுவான்" என்று முதல் நாளே சொன்னால், அது உண்மை இல்லை என்று அவருக்கும் தெரியும்.

"ஏலுமா?" என்று கேட்டால் "பாப்பம் பிள்ளை" என்று பதில் வரும். பாப்பம் என்றால் இல்லை என்றுதான் பெரும்பாலும் பொருள். அப்படி வந்தால் வற்புறுத்தாமல், "எது கஷ்டமாக் கிடக்கு மாமி, தூக்கிறதோ, சமைக்கிறதோ?" என்று கேளுங்கள். இரண்டில் ஒன்றைச் சொல்வார். அதைத்தான் நீங்கள் எடுத்துச் செய்யவேண்டும்.

சாடையாகச் சொல்வது வேலைக்கு ஆகாது. "பக்கத்து வீட்டு அப்பம்மா எல்லாம் செய்கிறா" என்று பிள்ளையிடம் சொல்வதுபோல மாமிக்குக் கேட்கச் சொல்வதும் அதில் சேரும். அது கேட்கும், ஆனால் குத்திக்கொண்டு உள்ளே கிடக்கும். அம்மம்மாவோடு ஒப்பிடுவது அதைவிடக் கெடுதல். மச்சாளிடம் தொலைபேசியில் குறை சொன்னால் அது கனடாவோ இலண்டனோ போய்ச் சுற்றி இரண்டு நாளில் மாமியிடம் திரும்பி வந்துவிடும்.

பழக்கும் ஐந்து நாள்

முதல் நாள் நீங்கள் செய்கிறீர்கள், அவர் பக்கத்தில் இருக்கிறார். இரண்டாம் நாள் இருவரும் சேர்ந்து. மூன்றாம் நாள் அவர் செய்கிறார், நீங்கள் குசினியில் வேறு அலுவலாக நிற்கிறீர்கள். நான்காம் நாள் கீழே கடைக்குப் போய் இருபது நிமிடத்தில் வாருங்கள். ஐந்தாம் நாள் ஒரு மணித்தியாலம். கடைக்குப் போவது முக்கியம். வீட்டில் இருந்துகொண்டு கையைக் கட்டிக்கொள்ள எந்தத் தாயாலும் முடியாது; கிழங்குக் கட்டி பெரிதாகத் தெரிந்தவுடன் கை நீளும்.

திரும்பி வரும்போது பிள்ளையின் சட்டை பின்பக்கம் முன்னுக்கு வந்திருக்கலாம். பப்பாசி தலைமயிரில் இருக்கலாம். அதைத் துடைக்காதீர்கள். அவர் பார்த்திருக்கத் திரும்பத் துடைப்பதும், திரும்பச் சட்டை மாற்றுவதும், வாயால் ஒன்றும் சொல்லாமலே "உங்களுக்குத் தெரியாது" என்று சொல்வதுதான். அரை மணித்தியாலம் கழித்துக் குளிப்பாட்டும்போது எல்லாம் போய்விடும்.

திருத்தவேண்டியவை வேறு. அவை சில மட்டுமே. அவற்றில் விட்டுக்கொடுப்பு இல்லை. இவற்றை நீங்கள் சொல்லாமல், குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வரும்போதோ கிளினிக்கிலோ அவர் வாயால் சொல்லவைத்தால் மனத்தாங்கல் வராது. மாமியையும் கிளினிக்குக்குக் கூட்டிப்போங்கள். பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டை அவரே கையில் பிடித்துக்கொண்டு இருக்கட்டும்.

ஆறு மாதம் முடியும் வரை தாய்ப்பால் மட்டும், தண்ணியும் வேண்டாம். ஒரு வயதுக்கு முன் தேன் நாக்கில் தடவுவதும் வேண்டாம். அதில் இருக்கக்கூடிய கிருமி வித்து சின்னப் பிள்ளையின் குடலில் முளைத்து நரம்பைத் தாக்கும் நஞ்சை உண்டாக்கும். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடக்கூடாது, மூக்கில் விட்ட எண்ணெய் சுவாசப்பைக்குள் இறங்கும். உடம்புக்கு எண்ணெய் பூசிப் பிடித்துவிடுவது நல்லது, அதில் அவரை விட்டுவிடுங்கள். நித்திரைக்கு நிமிர்த்திக் கிடத்தவேண்டும், முதல் வருடம் தலையணை இல்லை. நிலக்கடலை, கஜு, முழுத் திராட்சை சின்னப் பிள்ளையின் கைக்கு எட்டக்கூடாது. றம்புட்டான் பருவத்தில் இன்னும் கவனம்: வழுக்கும் சதையோடு கொட்டை தொண்டைக்குள் போய் அடைத்து இந்த நாட்டில் பிள்ளைகள் இறந்திருக்கிறார்கள். பழத்தைக் கீறி, கொட்டையை எறிந்துவிட்டு, சதையைச் சின்னதாக வெட்டித்தான் கொடுக்கவேண்டும்.

மாமியின் கைப்பையை மறக்கவேண்டாம். சீனிக் குளிசையும் பிரஷர் குளிசையும் கடதாசி உறையில் சுற்றி அதற்குள்தான் இருக்கும், பையோ கட்டிலில் இருக்கும். சுவரில் ஐந்து அடி உயரத்தில் ஒரு கொளுக்கி அடித்து, பை அதில்தான் தொங்கவேண்டும் என்று வீட்டில் எல்லாருக்கும் பொதுச் சட்டமாக வையுங்கள். உங்கள் பையும் அதில்தான்.

காய்ச்சல் வந்தால் பரசிட்டமோல் சிரப் மட்டும். கொழும்பில் எந்தக் காய்ச்சலும் டெங்குவாக இருக்கலாம். அப்போது இபுபுரோபன், அஸ்பிரின் போன்றவை இரத்தக் கசிவைக் கூட்டும். பிள்ளையின் நிறைக்கு எத்தனை மில்லிலீற்றர் என்று வைத்தியரிடம் கேட்டுப் போத்தலிலேயே பெரிய எழுத்தில் தமிழில் எழுதி ஒட்டுங்கள். வயிற்றோட்டத்துக்கு ஜீவனி (தண்ணியில் கரைத்துக் கொடுக்கும் உப்புத் தூள்): ஒரு பக்கற், கொதித்தாறிய தண்ணி ஒரு லீற்றர், 24 மணித்தியாலத்துக்குப் பிறகு மிச்சத்தை ஊற்றிவிடவேண்டும். ஒரு கோப்பைத் தண்ணியில் முழுப் பக்கற்றையும் கரைப்பது அடிக்கடி நடக்கிற பிழை, உப்புக் கூடி ஆபத்தாகும். ஆகவே ஒரு லீற்றர் போத்தல் ஒன்றைப் பக்கற்றோடு சேர்த்துக் கட்டி வையுங்கள்.

தொலைபேசிக்கு மேலே சுவரில் மகனின் படம், மருமகளின் படம், தமிழ் தெரிந்த பக்கத்து வீட்டாரின் பெயர், ஒவ்வொன்றின் கீழும் இலக்கம். கடைசியில் 1990, இலவச அம்புலன்ஸ். எல்லாவற்றையும் ஒருமுறை அவரே அழுத்திப் பழகட்டும், 1990 தவிர. இந்தத் தாள் ஒட்டிய பிறகு மாறிப்போகிற மாமிகள் உண்டு. பயந்துதான் இருந்திருக்கிறார்கள்.

கைக்குழந்தை உள்ள வீடு

84 நாள் மகப்பேற்று விடுமுறை முடிகிறபோது பிள்ளைக்கு மூன்று நான்கு மாதம்தான் ஆகியிருக்கும். அப்போது மாமிக்குக் கொடுக்கக்கூடிய வேலை கறந்து வைத்த பால். கறந்த பாலைக் கொழும்பு வெக்கையில் வெளியே வைக்காமல் உடனே பிரிட்ஜின் உட்பக்கத்தில் வையுங்கள், கதவில் இல்லை. அங்கே நான்கு நாள் வரை இருக்கும். ஒவ்வொரு போத்தலிலும் திகதியைப் பெரிதாக எழுதுங்கள், கண்ணாடி போடாமல் வாசிக்கக்கூடியதாக. சூடாக்குவது சுடுதண்ணிக் கிண்ணத்துக்குள் போத்தலை வைத்து; அடுப்பிலோ மைக்ரோவேவிலோ இல்லை. குடித்து மிஞ்சியதை இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு கொடுக்கக்கூடாது. மிஞ்சியதை ஊற்ற மனம் வராத தலைமுறை அது. ஆகவே ஒரு போத்தலில் 60 மில்லிலீற்றருக்கு மேல் வைக்காதீர்கள். போதாவிட்டால் இன்னொன்றைத் திறக்கலாம்.

ஊரில் இருக்கும் அப்பம்மா

"ஒருநாளும் தானாகக் கோல் எடுக்கமாட்டா" என்பது அடுத்த குறை. நீங்கள் வேலையில் இருப்பீர்கள், குழப்பக்கூடாது என்று நினைத்திருப்பார். ஞாயிறு காலை ஒன்பது மணி என்று ஒரு நேரம் வையுங்கள். கோல் அவர்தான் எடுக்கவேண்டும், நீங்கள் எடுக்காதீர்கள். முதல் மூன்று கிழமை எட்டே முக்காலுக்கு ஊரில் உள்ள யாராவது நினைவூட்டட்டும். பத்து நிமிடம் போதும். "அப்பம்மாவோட கதை" என்று பிள்ளையை இருத்தினால் இருவருக்கும் வாய் வராது. அவர் கோழிக்குத் தீன் போடும்போது, முருங்கை முறிக்கும்போது, கோலம் போடும்போது போனைச் சாத்தி வைக்கட்டும். பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும், கேள்வி தானாக வரும்.

சரிவராவிட்டால்

ஆறு கிழமை கொடுங்கள். அதற்குள் கிழமையில் ஐந்து நாளாவது அந்த ஒரு வேலை நடந்தால் இரண்டாவதைச் சேர்க்கலாம். மூன்று நாள்தான் நடக்கிறது என்றால் அதே வேலையில் இன்னும் இருங்கள். கூட்டினால் இருந்ததும் போய்விடும். ஒன்றும் நடக்கவில்லை, உடம்பும் நல்லது, பயமும் இல்லை, கேட்டால் முகம் திருப்புகிறார் என்றால் அவருக்கு விருப்பமில்லை. அது அவருடைய உரிமை. தன் பிள்ளைகளை வளர்த்து முடித்த ஒருவர் இனி ஏலாது என்று சொல்லலாம். அதைக் கேட்டு வருகிற துக்கத்தையும் மறைக்கவேண்டியதில்லை. தன் பிள்ளைக்கு அப்பம்மா இருந்தும் இல்லாமல் போவது சின்ன விடயம் இல்லை.

அந்த நிலையில் டே கேரையோ வீட்டுக்கு வருகிற ஆளையோ ஒழுங்கு செய்யுங்கள், மாமியைத் தண்டிக்கும் குரலில் இல்லாமல். "உங்களுக்கும் அலுப்பு இல்லாமல் இருக்கட்டும் அம்மா, அடுத்த மாதத்தில இருந்து நாங்கள் வேலையால வரும் வரைக்கும் பிள்ளை டே கேரில" என்று மகன் சொல்லட்டும். அதன் பிறகு மாமியிடம் பிள்ளை பற்றிய எந்த எதிர்பார்ப்பும் வைக்காதீர்கள். எதிர்பார்ப்பு போன வீட்டில் கோபமும் குறையும், சில மாதம் கழித்துப் பிள்ளை தானே அவர் மடியைத் தேடிப் போவதையும் காணலாம்.

வேலை பிடித்துக்கொண்ட வீடுகளில், பெரும்பாலும் இரண்டாம் மூன்றாம் மாதத்தில், யாரும் கேட்காமல் அவர் ஒன்றைச் செய்வார். மிகச் சிறியதாக இருக்கும். மூக்குத் துடைப்பார், அல்லது மழை இருட்டினதைக் கண்டு பல்கணியில் காய்கிற பிள்ளையின் சட்டைகளை எடுத்து மடித்து வைத்திருப்பார். மடிப்பு நீங்கள் மடிக்கிற மாதிரி இருக்காது. ஆச்சரியப்பட்டுச் சத்தம் போடாதீர்கள், மகனைக் கூப்பிட்டுக் காட்டாதீர்கள், இவ்வளவு நாளும் எங்கே இருந்தீர்கள் என்ற பார்வையும் வேண்டாம். அந்தச் சட்டைகளை மடித்தபடியே அலுமாரியில் வைத்துவிட்டு, தேத்தண்ணி ஊற்றும்போது அவருக்கும் ஒரு கோப்பை சேர்த்து ஊற்றுங்கள்.